கணியத்தைக் காட்டாத பெட்டி

செப்டம்பர் 1, திங்கள்

காரவிளைத்துறைக்கு வந்துவிட்டேன். நாகர்கோவிலில் ஏறிய பேருந்தில் உட்கார இடமில்லை. என் மடிக்கணினிப் பையின் மேல் யாரோ ஒருவரின் பலாப்பழம் இருந்தது.

கம்பெனி என்னை அனுப்பிய காரணம் இதுதான்: மே மாதம் இந்த ஊரின் முப்பத்தெட்டு வள்ளங்களுக்கு நாங்கள் கொடுத்த மஞ்சள் பெட்டியை இவர்கள் ‘தவறாகப் பயன்படுத்துகிறார்கள்’. எப்படி என்று கண்டுபிடித்து அக்டோபர் முடிவதற்குள் அறிக்கை தரவேண்டும். நவம்பர் காற்று தொடங்குமுன் இதே பெட்டி இந்தக் கரை முழுக்க நானூறு வள்ளங்களுக்குப் போகிறது.

பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான். வள்ளம் எங்கே நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்குச் சொல்லும். கரையில் மீன் ஏலக்கூடத்தில் ஒரு பெரிய டிவி. அதில் கடல், கடலில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் வள்ளத்துக்காரரின் பெயர்.

கிளம்பும்போது கௌஷிக் சொன்னான்: “எழில், அவங்க படிக்காதவங்க. அத மனசுல வச்சுப் பாரு.” கௌஷிக் என் மேலாளர். தன் வீட்டு வாஷிங் மெஷினை இயக்க ஆள் வைத்திருப்பவன். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தர்மபுரியில் ஊரார் கிணற்று மோட்டார்களைக் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்வார். படிக்காதவங்க என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

தங்குவதற்குப் பெர்பெத்துவா அக்கா வீட்டு மாடி அறை. அக்கா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். கணவர் ததேயுஸ் தூண்டில் போடுகிறவர். அதிகம் பேசாதவர். நான் வணக்கம் சொன்னதற்கு என் பையைப் பார்த்தார்.

செப்டம்பர் 3, புதன்

காலை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ததேயுஸ் அண்ணன் உட்பட ஐந்து பேரின் புள்ளிகள் நாலு மைலில் ஒரே கொத்தாக நின்றன. ஒருவர் திரும்பினால் ஐவரும் திரும்பினார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி.

பதினொரு மணிக்கு மேல் வள்ளங்கள் வந்தன. நான்கு மைலில் நின்றதாகக் காட்டியவர்களின் கூடைகளில் பெரிய பெரிய கலவா மீன்கள். கலவா ஆழத்தில் பாறைக்குள் கிடக்கும் மீன் என்பது எனக்கே தெரியும். திரை பொய் சொல்கிறது, அல்லது கலவா நீந்தி வந்து ஏறிக்கொள்கிறது.

பெர்பெத்துவா அக்கா பக்கத்தில் வந்து நின்றார். டிவியைப் பார்க்காமல் டிவிக்குக் கீழே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“இத இஞ்ச வைக்கணும்னு எந்த மகராசன் சொன்னான் பிள்ளே?”

“சென்னையில யாரோ முடிவு பண்ணாங்கக்கா.”

“யாரோவா. யாரோன்னா நல்லதுதான். யாரோவ திட்டினா யாருக்கும் வலிக்காது.”

செப்டம்பர் 5, வெள்ளி

வெயில் நேரத்தில் புள்ளிகளின் பச்சை கண்ணுக்குத் தெரியவில்லை. அடர்த்தியைக் கூட்டச் சொல்லி வடிவமைப்புக் குழுவில் போன வருடமே பேசப்பட்டது. யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை, மறைக்கவே இல்லை.

பனியடிமை என்று ஒருவர். நாற்பத்தைந்து வயது, பெருத்த குரல், சாளைக்கு, அதாவது மத்தி மீனுக்கு, வலை போடுகிறவர். அவர் வள்ளம் கரையேறியதும் கரையில் காத்திருந்த நான்கு பெண்கள் அதனிடம் போனார்கள். வள்ளத்தின் மூக்கில் கிடந்த சாக்கிலிருந்து அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நான் போய் நின்றதும் ஐந்தாவது பெட்டியை என் முன்னால் நீட்டினார்.

“இது எனக்க சொந்தப் பெட்டி. மத்தது நாலும் மேய்ச்சலுக்கு வந்தது.”

“ஏன் அண்ணே அவங்க பெட்டிய நீங்க எடுத்துட்டுப் போறீங்க?”

“நான் சாளைக்காரன். சாளை இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க. எனக்கு ஒளிக்க ஒண்ணும் கெடையாது. அவனுவ தூண்டில்காரனுவ. கணியம் உண்டு.”

கணியம் என்றால் என்ன என்று கேட்டேன். கரைப் பக்கம் திரும்பி நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். கடலில் நின்றுகொண்டு கோயில் கோபுரத்தை மலையின் ஒரு வளைவோடு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள். இரண்டு நேர்கோடுகளும் வெட்டும் இடத்தில், தண்ணீருக்கு அடியில், பாறை. அந்தப் பாறைக்கு இங்கே ‘பார்’ என்று பெயர். மீன் அங்கேதான். அந்த அடையாளக் கணக்குதான் கணியம். அப்பன் மகனுக்குச் சொல்வான். கூடப்பிறந்தவனுக்குச் சொல்லமாட்டான்.

“அடுத்த வள்ளம் வாறது கண்டா, ததேயுசு நங்கூரத்த வலிச்சிட்டு வேற எடத்துல போய் சும்மா தூண்டில் போடுவான், பாத்துக்க. ரெண்டு மணிக்கூர் சும்மா இருப்பான். அப்படிப்பட்ட ஆளுக்க பேர டிவில போட்டு, இன்னாரு இன்ன எடத்துல நிக்காருன்னு ஏலக்கூடத்துல காட்டுனா? வேட்டிய அவுத்து கொடிமரத்துல ஏத்துன மாதிரில்லா இருக்கும்!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பனியடிமை சிரிப்பதைச் சட்டென்று நிறுத்திவிட்டு சாக்கை உதறினார். ஏன் என்று புரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கௌஷிக்குக்குப் போன் செய்தேன். அவன் உற்சாகமாகிவிட்டான்.

“சூப்பர். ஒருத்தன் அஞ்சு பெட்டி. போட்டோ எடுத்தியா? ரிப்போர்ட்ல அதுதான் முதல் பக்கம். பெட்டி சரியா இருக்கு, ஆளுங்கதான் சரியில்ல. நானூறும் அப்படியே போகலாம். அந்த ஆளோட பெட்டிய மட்டும் திருப்பி வாங்கிரு.”

“அவங்களுக்குக் காரணம் இருக்கு.”

“எல்லாருக்கும் காரணம் இருக்கும் எழில். ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டா சரியாயிடும்.”

முகாம். தொப்பி, பிஸ்கட், கைதட்டல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்து பெர்பெத்துவா அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்கமுடியாமல் வெங்காயம் உரித்தேன். பனியடிமை பற்றிப் பேச்சு வந்தது. நல்ல மனுசன் என்றேன்.

“நல்ல மனுசன்தான்,” என்றார். பிறகு, கழுவுவதை நிறுத்தாமல், இதைச் சொன்னார்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். கிளீட்டஸ். ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை. தனியாகத்தான் போயிருந்தான். மதியம் ஒரு மணிக்குத் தூண்டில்காரர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. அவன் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து ஏலக்கூடத்துக்குக் கூட்டிப்போய் டிவியைக் காட்டினார். கிளீட்டஸின் பெயர், பச்சைப் புள்ளி, நாலு மைல். பக்கத்திலேயே வேறு சில புள்ளிகள். பெட்டிகள் பனியடிமையின் சாக்கில் போவது அப்போது பெண்களுக்குத் தெரியாது.

“பாத்தியாட்டி, அந்தா நிக்கான் ஒனக்க மாப்பிள, நாலு பேருக்க கூட நிக்கான், எதுக்கு அழுவுதன்னு ஏசினேன். வீட்டுக்கு வந்து அவனுக்கும் சேத்து சோறு பொங்கினேன். நாலரைக்கு பனியடிமைக்க வள்ளம் வந்துது. புள்ளி எல்லாம் கரைக்கு வந்துது. தம்பி வரல.”

அதன்பிறகுதான் தேடப் போனார்கள். உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. இந்தப் பெட்டி வேண்டும் என்று ஊரில் முதலில் கேட்டு வாங்கியவன் அவன். அன்று அதைப் பனியடிமையிடம் கொடுத்துவிட்டுப் போனவனும் அவனே. குறை சொல்ல யாரும் இல்லை.

“புள்ளி இல்லாம இருந்தா ஒரு மணிக்கே வள்ளத்த எறக்கியிருப்போம்,” என்றார் அக்கா. “எப்பவும் அப்படித்தான் செய்வோம்.”

வெங்காயம் நிறைய உரித்துவிட்டேன். தேவைக்கு மேல்.

செப்டம்பர் 15, திங்கள்

டிவி என் யோசனை.

எழுதியாகிவிட்டது. போன வருடம் பிப்ரவரி, பதினோராவது மாடிக் கூட்ட அறை. கரையில் இருக்கும் குடும்பங்களையும் சேர்த்து யோசிக்கவேண்டும் என்று பேசியது நான். ‘அவர் எங்கே இருக்கிறார் என்று மனைவிக்குத் தெரிந்தால் அவளுக்கு நிம்மதி’ என்று படத்தோடு காட்டியது நான். எல்லாரும் கைதட்டினார்கள். வருடக் கடைசியில் எனக்குக் கண்ணாடிக் கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அந்தக் கூட்ட அறைக்கு வருமுன் நான் கடலை மெரினாவில் மட்டும் பார்த்திருந்தேன்.

படிக்காதவங்க என்று சொன்னவனைக் கரித்துக்கொட்டினேனே, நான் கேட்காதவள். இதில் எது மோசம்?

செப்டம்பர் 17, புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தி சாணை பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்து முடித்தார். எழுந்து உள்ளே போனார். மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை, மாலையும் இல்லை. கடையில் வாழைப்பழம் வாங்கித் தின்றேன். பையைக் கட்டலாமா என்று நினைத்தேன். கட்டவில்லை. கட்டினால் முகாம்தான் நடக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் மாடிப்படியின் கீழிருந்து குரல்.

“ஏட்டி.”

இறங்கிப் போனேன். இதுவரை பிள்ளே என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

“டிவிய கழத்து.”

“கம்பெனியக் கேட்கணும்...”

“வைக்கும்போ எங்களக் கேட்டியா?”

கழற்றினேன். ஏலம் முடிந்த கூடத்தில், நாற்பது பேர் பார்க்க. பனியடிமை ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஸ்குரு ஒன்று துருப்பிடித்திருந்தது, உள்ளங்கை கிழிந்தது. யாரும் கைதட்டவில்லை. கௌஷிக்குக்கு ‘திரை அகற்றப்பட்டது, காரணம் பின்னர்’ என்று செய்தி அனுப்பினேன். அவன் ஏழு முறை கூப்பிட்டான்.

செப்டம்பர் 20, சனி

ஏலக்கூடத்தில் தூண்டில்காரர்கள் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துப் பேசினேன். திரை இனி இல்லை; வள்ளம் நிற்கும் இடம் கம்பெனியின் கணினியில் மட்டும் ரகசியமாக இருக்கும்; ஆபத்து வந்தால் மட்டும் எடுத்துக் கொடுப்போம் என்றேன்.

“உனக்க கம்பெனியில வேலை பாக்கவனுக்கு மச்சினன் கெடையாதா?” என்று கேட்டார் ஒருவர்.

“விசைப்படகுக்காரன் ரெண்டு பாட்டில் வாங்கிக் குடுத்தா ரகசியம் தானா வந்து கட்டில்ல படுக்கும்,” என்றார் இன்னொருவர்.

சரி, மனைவியிடம் ரகசிய எண் கொடுத்துவிடலாம், அவர் சொன்னால்தான் திறக்கும் என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது.

“அவளுக்கு மட்டும் தம்பிக்காரன் இல்லியா?”

அப்போது ததேயுஸ் அண்ணன் வாய் திறந்தார். மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

“யாரு வேணும்னாலும் வச்சிருக்கட்டும். தெறந்தாச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

அவர்கள் எழுந்து வள்ளங்கள் பக்கம் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மூன்று நாளாக ஒரே கேள்வி. என் மடிக்கணினிக்குள் யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று பதிவு இருக்கும். அதை ததேயுஸ் அண்ணன் எதற்கு நம்பவேண்டும்? நான் நம்பு என்று சொன்ன திரையை நம்பித்தான் அக்கா சோறு பொங்கினார். அண்ணன் தன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற ஒன்றாக இருக்கவேண்டும்.

பெட்டிக்கடையில் பேனா வாங்கப் போனேன். கண்ணாடிக்குள் ஒரு பழைய ரீசார்ஜ் கார்டு தூசியோடு கிடந்தது. வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் எண் தெரியும். சுரண்டிய கார்டைச் சுரண்டாத கார்டாக யாராலும் மாற்றமுடியாது.

கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். கார்டைத் திருப்பிக் கொடுக்காமலே நடக்கத் தொடங்கியிருந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

நாகர்கோவிலில் கோயில் திருவிழாக் குலுக்கல் கூப்பன் அடிக்கும் அச்சகத்தில் பன்னிரண்டு கார்டுகள் செய்துகொண்டேன். “பன்னெண்டா? பன்னெண்டாயிரமா?” என்று மூன்று முறை கேட்டார்கள்.

பெட்டி வேலை செய்யும் விதத்தை இப்படி மாற்றினேன்: வள்ளம் நிற்கும் இடம் பூட்டப்பட்டே கரைக்கு வரும். பூட்டைத் திறக்கும் எண் கார்டில் மட்டும். அந்த எண் இல்லாமல் கம்பெனியாலும் திறக்கமுடியாது. கார்டு வீட்டில் இருக்கும். ஆள் வரத் தாமதமானால், வீட்டில் இருப்பவர் சுரண்டி, எந்தப் போனிலிருந்தும் அழைத்து எண்ணை அழுத்தினால், ஊர்க் கமிட்டியின் மூன்று போன்களுக்கும் மீட்புப் படைக்கும் வரைபடம் போய்விடும். கடலிலிருந்து வந்தவர் கார்டைப் பார்த்தால் போதும். திறந்தார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத என்கிட்ட குடுக்க அவரு சம்மதிக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“கேக்கேன். நீ சாப்பிட வா பிள்ளே.”

அக்டோபர் 4, சனி

அறிக்கையை அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் பனியடிமையின் படம் இல்லை. முதல் வரி: ‘ஏலக்கூடத் திரை என் வடிவமைப்பு. அது தவறு. அதனால் ஒரு மீட்புப் பணி மூன்றரை மணி நேரம் தாமதமானது. ஓர் ஆள் இறந்தார்.’ நானூறு பெட்டிகளையும் மாற்றாமல் அனுப்பக்கூடாது என்று முடித்தேன்.

கௌஷிக் அழைத்தான். “இத சட்டத் துறை பார்த்தா உன் வேலை போயிடும், தெரியுமா?”

“தெரியும்.”

“அந்தப் பன்னெண்டு பெட்டிய வச்சு என்னமோ பண்ணிக்கோ. மத்தது அப்படியே போகும்.”

பன்னிரண்டும் கடலில் போய் நின்று காட்டட்டும், பிறகு பேசுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

பன்னிரண்டு பேரும் பெட்டியைத் தங்கள் வள்ளத்திலேயே கொண்டுபோகிறார்கள். பனியடிமையின் சாக்கில் அவருடையது மட்டும். “அநாதையாயிட்டேன்,” என்கிறார்.

ததேயுஸ் அண்ணன் தினமும் கரையேறியதும் வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். அக்கா கதவருகே நின்று, “எனக்க மூஞ்சியையும் அப்படி ஒருநாள் பாரும் ஓய்,” என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

எல்லாரும் படுத்தபிறகு எழுதுகிறேன்.

ததேயுஸ் அண்ணனும் அவருடைய கூட்டாளியும் ஒரு மணிக்கு வரவேண்டியவர்கள். இரண்டு மணிக்கும் வரவில்லை. கடற்கரையில் நின்றவர்கள், “கலவா கடிச்சா நாலு ஆவும்” என்றார்கள். அக்கா கையில் கார்டு. மீன் வெட்டும் கத்தி. சுரண்டவில்லை. நிறைய மீன் கிடைக்கிறதென்று அண்ணன் வெறுமனே நின்றுகொண்டிருந்தால், அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த பாரை ஊருக்கே திறந்துவிட்டவராவார் அக்கா.

சுரண்டுங்கக்கா என்று சொல்லத் தோன்றியது. ஆனால் கார்டு என்னுடையது இல்லை.

இரண்டே முக்காலுக்கு அக்கா என்னைப் பார்த்தார்.

“ஜூலையில புள்ளிய பாத்துட்டு நிம்மதியா இருந்தேன். இன்னைக்கு பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. பயமாட்டு இருக்கு. நல்லதுதான்.”

கத்தி முனையால் சுரண்டினார். எண்ணை உரக்கப் படித்தார். நான் அழுத்தினேன். மூன்று வள்ளங்கள் இறங்கின, முதலாவது பனியடிமையுடையது.

அறுந்து மிதந்த வலை எஞ்சினில் சிக்கி, பக்கவாட்டில் அலை அடித்து, வள்ளம் கவிழ்ந்திருந்தது. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் இருவரும் படுத்துக் கிடந்தார்கள். நாலரைக்குக் கண்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பேரும் உயிரோடு.

அக்கா கிளீட்டஸின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தள்ளி நின்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஆறு மணிக்கே ஏழு வள்ளங்கள் ததேயுஸ் அண்ணனின் பாரின் மேல் நின்றன.

என் தவறு. மறுபடியும் நான். கமிட்டியின் போன்களுக்குப் போன வரைபடத்தில் கடைசி இடம் மட்டும் இல்லை; அன்று காலையிலிருந்து வள்ளம் போன வழி முழுக்க ஒரு கோடாக இருந்தது. கோட்டின் நடுவில் நாலு மணி நேரம் நின்ற இடம் முடிச்சாகத் தெரிந்தது. அந்த முடிச்சுதான் பார். தேடப் போனவர்களுக்குக் கோடு தேவையே இல்லை. பழைய வடிவத்தில் இருந்ததால் அப்படியே விட்டிருக்கிறேன். யோசிக்கவே இல்லை.

தேடப் போன மூவரில் பனியடிமை அங்கே மீன் பிடிக்கவில்லை. மற்ற இருவரும் பிடித்தார்கள், சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு.

அக்டோபர் 18, சனி

விடிந்து கதவைத் திறந்தால் மாடிப்படியில் எட்டுப் பெட்டிகள். இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் சுரண்டாத கார்டு, ரப்பர் வளையம் போட்டு.

கௌஷிக் அழைத்தான். “ரெண்டு உயிர் எழில்! மேலிடம் ரொம்ப சந்தோஷம். நானூறும் உன் மாடல்லயே மாத்தலாம்னு சொல்றாங்க. அந்த அம்மா கார்டோட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ கிடைக்குமா?”

கிடைக்காது என்றேன். இன்னும் மாற்றவேண்டியது இருக்கிறது, அதுவரை ஒரு பெட்டியும் போகக்கூடாது என்றேன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன்.

ததேயுஸ் அண்ணன் கீழே இருக்கிறார். இருமல் கேட்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசை முடிந்து ததேயுஸ் அண்ணன் நேராக மாடி ஏறி வந்தார். சட்டைக் கை மடிப்புக்குக் கீழே வள்ளத்தின் விளிம்பு உரசிய காயம் பச்சையாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தரையில் கிடந்த எட்டுப் பெட்டிகளையும் பார்த்தார்.

“அந்தக் கோடு என்னத்துக்கு?”

“தேவையில்லண்ணே. என் தப்பு.”

“ஆளத் தேடதுக்கு ஆளு நிக்க எடம் போதாதா? காலம்பற எங்க போனேன், எங்க நின்னேன், எங்க மூத்திரம் பெய்தேன், எல்லாம் வேணுமா?”

“போதும். கடைசிப் புள்ளி மட்டும் போதும்.”

“அதுவும் கவுந்த பொறவு கடல் இழுத்து ரெண்டு மைல் ஒழுகிப் போச்சு. அத வச்சி எவனும் பாரக் கண்டுபிடிக்க முடியாது.”

அவர் சொல்வதைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்தார்.

“அந்தப் பாரு போச்சு. ஏழு வள்ளம் மேஞ்சா ஒரு மாசத்துல பொட்டல்.”

“வேற பார் இருக்காண்ணே?”

திரும்பினார். மீசை லேசாக அசைந்தது.

“இருந்தா ஒன்கிட்ட சொல்லுவனா?”

கீழே அக்கா பாத்திரத்தை வைக்கும் சத்தம். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இருவருக்கும் தெரியும்.

“கோட்ட அழிச்சிரு,” என்றார். “மத்தவனுவகிட்ட நான் பேசுதேன். பனியடிமைக்க வள்ளத்துல நாளைக்கு எறங்குதேன், எனக்க வள்ளம் சரியாவது வரைக்கும்.” படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டு, முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். “கார்டு ஒண்ணு தா. அவகிட்ட குடுக்கணும்.”

எட்டில் ஒன்றின் கார்டை உருவிக் கொடுத்தேன்; அந்த எண்ணை அவர் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். மணி பத்தரை. எட்டுப் பெட்டிகளின் மூடிகளையும் கழற்றி வரிசையாக வைத்திருக்கிறேன்.